பழவேற்காட்டில் படம் பார்த்த நாள்

படம் பார்க்கப் போகிறோம் என்று அப்பா சொன்னபோது நான் சினிமா என்றுதான் நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு எடுத்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு, இடைவேளையில் தின்பதற்கு ஒரு பொட்டலம் முறுக்கும் எடுத்து வைத்துக்கொண்டேன். பொன்னேரியில் பஸ் மாறி, பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்று முகத்தில் அடித்தபோதுதான் சந்தேகம் வந்தது. அந்த ஊரில் தியேட்டர் இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் ஆலையில் அப்பாவுக்கு வேலை. உடன் வேலை செய்யும் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பழவேற்காட்டில் பழைய தெரு ஒன்றைப் பழுதுபார்த்து, இடிந்த சுவர்களை எழுப்பி, அந்தக் காலத்து வாழ்க்கையைச் சுவர் முழுக்க ஓவியமாக வரைகிறார்கள் என்று. அப்பா வீட்டில் வந்து சொன்னதும் அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அங்க இன்னாத்துக்கு?”

“சொவுரு பாக்கத்தான். ஊரே போய்ப் பாத்துக்கினு வருது. நாம பாத்தா இன்னா?”

அம்மா அந்தத் தெருவில் பிறந்தவள். முஸ்லிம் வியாபாரக் குடும்பத்துப் பெண். அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு வெளியேறிய பிறகு அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று அவளுடைய வாப்பா உத்தரவு போட்டுவிட்டார். அவர் இறந்துபோன செய்தியே அடக்கம் முடிந்த பிறகுதான் அம்மாவுக்கு வந்து சேர்ந்தது. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சினிமா இல்லை என்பது ஒன்றுதான்.

தெருமுனையில் இருந்த டீக்கடை பெஞ்சில் அப்பா உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க பாத்துக்கினு வாங்க. எனக்குக் கால் வலிக்குது.”

அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து முகம் மறைய விட்டுக்கொண்டாள். வெயிலுக்காக என்று நினைத்தேன். தெரு அழகாகத்தான் இருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு பூசிய சுவர்களில் பாய்மரப் படகு வந்தது, குதிரை வண்டி போனது, ரேடியோப் பெட்டியைச் சுற்றி ஒரு கூட்டம் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் அம்மா எதையும் நின்று பார்க்கவில்லை. தலை குனிந்துகொண்டு, ரயிலுக்கு நேரமானவள் போல நடந்தாள். பச்சைக் கதவு போட்ட ஒரு வீடு வந்தபோது நடை இன்னும் வேகமானது.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு சிறுமி பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் காலில் நின்றவள் என் உயரம்தான் இருப்பாள் போலத் தெரிந்தது. சரிபார்க்க வேண்டாமா? முதுகைச் சுவரோடு ஒட்டி அவள் பக்கத்தில் நின்றேன். அவளுக்குப் பின்னால் இருந்த ஏரியை அப்போதுதான் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விலகிப் பார்த்தால் கவுனின் முதுகெல்லாம் நீலம். நான் போட்ட சத்தத்தில் பச்சைக் கதவு திறந்தது.

“அய்யே, இன்னா பாப்பா இப்டிப் பண்ணிக்கினே! உள்ள வா, மண்ணெண்ண வெச்சித் தொடச்சி வுடறேன்” என்று ஒரு பெண் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். “யாரு ஊட்டுப் பொண்ணு நீ?”

“எங்க ஊட்டுப் பொண்ணு” என்றேன் விம்மிக்கொண்டே.

அவள் சிரித்துவிட்டு மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்லி உள்பக்கம் குரல் கொடுத்தாள். கைலி கட்டிய ஒருவர் பாட்டிலும் பழந்துணியுமாக வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. தலையிலிருந்து முந்தானை நழுவியிருந்தது.

“காக்கா” என்றாள் அம்மா.

நான் அண்ணாந்து பார்த்தேன். முற்றத்துக்கு மேலே வானம்தான் இருந்தது, காக்கா எதுவும் இல்லை. அவர்கள் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அவர் பாட்டிலைத் திறந்து துணியை நனைத்தார். பிறகு குனிந்து என் முதுகைத் துடைக்கத் தொடங்கினார். நீலம் போகவில்லை, பரவியது.

“உன் பொண்ணா?”

“ம்.”

“உன்ன மாரியே அழுவுறா.” துணியை மடித்து வேறு பக்கமாகத் துடைத்தார். “உள்ள வா. வாசல்ல நிக்காத.”

அம்மா உள்ளே வந்து தூணருகே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் கவுனைப் பாழாக்கியதற்குத்தான் என்று எனக்குப் பயமாகிவிட்டது. கதவைத் திறந்த பெண் ஒரு நொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டாள்.

“உங்கப்பா எங்க?” என்று அவர் என்னைக் கேட்டார்.

“டீக்கடையில.”

அவர் ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். சுவரைக் கெடுத்ததற்குப் புகார் சொல்லத்தான் போகிறார், சந்தேகமே இல்லை.

“அங்கிள், எங்கப்பாகிட்ட சொல்லாதீங்க. நான் வேணும்னு பண்ணல.”

“அங்கிள் இல்ல. மாமான்னு கூப்புடு.”

நாங்கள் வருவதைப் பார்த்ததும் அப்பா எழுந்து நின்றார். கையிலிருந்த கிளாஸ் சாய்ந்து டீ சட்டையில் வழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. ஆலையில் யாரோடும் சத்தமாகப் பேசக்கூடிய அப்பா, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார். மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கம்பி மில்லுல இன்னும் ராத்திரி ஷிப்ட்டுதானா, இல்ல பகலுக்கு மாத்திட்டாங்களா?” என்றார் மாமா.

“இப்ப பகல்தான்.”

“நல்லது. நெருப்பாண்ட நிக்கிற வேல, தூக்கம் முக்கியம். வா, ஊட்டுல சோறாவுது.”

அவ்வளவுதான். நான் தப்பித்தேன். இருவரும் என்னை நடுவில் விட்டு ஆளுக்கொரு கை பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தார்கள். பெரியவர்கள் சந்தித்தால் ஷிப்ட்டைப் பற்றித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது, எவ்வளவு சப்பென்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அப்பா அந்த ஆலையில் சேர்ந்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். அவர் அங்கே நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பதும், ராத்திரி கண் விழிப்பதும், பேச்சுவார்த்தையே இல்லாத இந்த வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.