நான் அச்சடித்த மேம்பாலம்

எங்கள் ஊரில் ஒரு மேம்பாலம் இருக்கிறது. இரண்டாயிரம் துண்டுத்தாள்களில் மட்டும் இருக்கிறது. அதைக் கட்டியவள் நான்.

என் அத்தையின் கதையைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் என் முட்டாள்தனத்தை விட்டுவிட்டு அதைச் சொல்ல வழியில்லை. அத்தை நகராட்சி சேர்மன் தேர்தலில் நின்ற கதையில், நடுவில் படுத்துக்கொண்டு எல்லாரையும் தடுக்கிவிட்டது அதுதான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. நகராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஊரில் எல்லாருக்கும் அவர் ஜெராக்ஸ் அக்காதான். இருபத்திரண்டு வயதில் ஒரே ஒரு பழைய இயந்திரத்தோடு தொடங்கிய கடை. அன்றிலிருந்து விரல் நுனியில் கறுப்புப் பொடி போனதே இல்லை. யாராவது மனுவைக் கொண்டுவந்தால் முதலில் முழுக்கப் படிப்பார். தேதி இல்லையென்றால் போடச் சொல்வார். தப்பாக எழுதிய வரியைக் கிறுக்கி மறைக்க விடமாட்டார். "ஒத்தைக் கோடு போட்டு அடிங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியணும். பக்கத்துல கையெழுத்துப் போடுங்க" என்பார். இருபது வருடமாக ஒரே பாட்டு.

நான் பள்ளிக்கூடம் முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் கணினி வகுப்புக்குப் பதினோரு நாள் போனேன். கார் ஓட்டப் பழக நாலு நாள் போனேன். ஐந்தாவது நாள் சொல்லிக்கொடுத்தவரே வரவில்லை. வீட்டில் யார் வந்தாலும் "அடுத்து என்னம்மா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கடையில் போய் உட்கார்ந்தேன். வெளியே கேட்டால் உதவி செய்யப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அத்தைக்கு அரசியல் ஆசையே கிடையாது. ஒரு முடிதிருத்துபவர் தன் தெருச் சாக்கடைக்காக ஒரே மனுவை மூன்று தடவை கொடுத்தார். மூன்று தடவையும் நகராட்சியில் "அப்படி ஒண்ணும் வரலையே" என்றார்கள். நாலாவது தடவை நகல் எடுக்க வந்தவர் கடையிலேயே சலித்துப்போய், "நீங்களே சேர்மனா நின்னுடுங்கக்கா. குறைஞ்சது படிச்சாவது பார்ப்பீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் வேட்புமனுப் படிவம் வாங்கிவந்து, வழக்கம்போல அதற்கும் இரண்டு நகல் எடுத்தார்.

அத்தையின் வாக்குறுதிகள் ஒரு பக்கத்தில் பாதிகூட இல்லை. கொடுத்த மனுவுக்குப் பதினைந்து நாளில் எழுத்தில் பதில், முடியும் என்றோ முடியாது என்றோ, பதில் சொன்னவர் பெயரோடு. மன்றக் கூட்டம் கதவைத் திறந்து வைத்து நடக்கும், பேசியது மறுவாரமே வாசலில் ஒட்டப்படும். கடையோ பட்டறையோ வைக்க நினைப்பவர் ஒரே ஜன்னலில் ஒரே நாளில் அனுமதி வாங்கிப் போகலாம். சந்தைக்குத் தண்ணீர், விளக்கு, கழிப்பறை. அவ்வளவுதான்.

"என்ன அத்தை, வளர்ச்சியே இல்லையே?" என்றேன்.

"அனுமதிக்கு ஏழு தடவை நடந்துட்டு வெளியூர்ல போய்க் கடை போட்டவங்க எத்தனை பேருன்னு என் மெஷினக் கேளு. அவங்க இங்கயே இருந்தா அதுதான்டி வளர்ச்சி."

மாமா தையல்காரர். வாயில் குண்டூசியோடு பேசுவார். "இவ சொல்றதெல்லாம் நடந்துட்டா யாரும் ரெண்டாவது நகல் எடுக்க மாட்டாங்க. தன் கடைக்குத் தானே பூட்டு செய்யற ஒரே வேட்பாளர் என் பொண்டாட்டிதான்" என்றார்.

வாக்குறுதித் தாளைத் தட்டச்சு செய்து, அத்தையின் கையெழுத்தை அடியில் சேர்த்து, அச்சகத்துக்கு அனுப்பும் வேலை எனக்கு. கணினியின் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. எதிரே நிற்பவர் பழைய சேர்மன். ஊர் அவரை அடிக்கல் என்று கூப்பிடும். ஏழு இடத்தில் அடிக்கல் நாட்டியவர். அதில் ஒன்றின் மேல் இப்போது பைக் மெக்கானிக் உட்கார்ந்து சக்கரம் கழற்றுகிறார். அப்படிப்பட்டவருக்கு எதிராகக் கழிப்பறையையும் ஜன்னலையும் வைத்துக்கொண்டு எப்படிப் போவது? பக்கத்தின் கீழ்ப்பாதி வேறு காலியாகக் கிடந்தது. "ரயில்வே கேட்டில் மேம்பாலம்" என்று ஒரு வரி சேர்த்தேன். தடித்த எழுத்தில். நாட்டுக்கு ஏதோ செய்துவிட்ட நிறைவோடு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஊர் மனுவையெல்லாம் படித்த அத்தை, அன்று வாக்குச் சேகரிக்கப் போன அவசரத்தில் தன் தாளை மட்டும் படிக்கவில்லை. நான் இருக்கிறேனே என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

முதல் கூட்டம் பேருந்து நிலையம் பக்கத்து மண்டபத்தில், மத்தியானம். ஒரு கண்டக்டர் எழுந்தார்.

"அக்கா, உங்க மேம்பாலம் எங்க இறங்குது?"

"எந்த மேம்பாலம்?"

"நீங்க கட்டப்போறதுதான். கேட்டுல ஏறுனா இறங்கறதுக்குள்ள ஊரே முடிஞ்சுடும். நடுவுல நிறுத்தம் உண்டா, இல்ல எக்ஸ்பிரஸா?"

மண்டபம் குலுங்கியது. அத்தை தாளை வாங்கிப் படித்தார். நான் பின்னாலிருந்து குனிந்து, "அச்சுப்பிழைன்னு சொல்லிடுங்க அத்தை" என்றேன்.

"அச்சுப்பிழையில எழுத்து மாறும்டி. பாலம் முளைக்குமா?"

அவர் என்னைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. "கையெழுத்து என்னுது. படிக்காம விட்டது என் தப்பு. கேட் ரயில்வேக்காரங்களது, பாலம் கட்ட நகராட்சிக்கு அதிகாரமும் இல்ல, வசதியும் இல்ல. இந்த வரியை அடிச்சுடறேன்" என்றார். மேடையிலேயே ஒற்றைக் கோடு போட்டு அடித்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை என் கையில் இரண்டு பேனா கொடுத்தார்.

"தாள் போன வீடு எல்லாத்துக்கும் போ. அந்த வரியை அடி. பக்கத்துல உன் கையெழுத்தைப் போடு. எழுதினவ நீதானே?"

ஒன்பது நாள் நடந்தேன். வாழ்க்கையில் நான் எதையும் அவ்வளவு நாள் தொடர்ந்து செய்ததில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கிண்டல். "வந்துட்டாங்கப்பா, பாலம் இடிக்கிறவங்க!" என்றார் ஒருவர். இன்னொருவர் ரொம்ப அக்கறையாக, "பாலத்தை எடுத்துட்டீங்க சரி, கழிப்பறையாவது இருக்கா, அதுவும் நாளைக்குப் போயிடுமா?" என்று கேட்டார். ஒரு வீட்டில் தாளை அலமாரித் தட்டில் விரித்து மேலே டப்பா அடுக்கியிருந்தார்கள். டப்பாக்களை எல்லாம் இறக்கி, அடித்து, மறுபடி அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். பழைய சேர்மனுக்கு ஒலிபெருக்கியில் கொண்டாட்டம். "நானாவது ஏழு கல் நட்டேன். அந்தம்மா ஒரு முழுப் பாலத்தையே ஒரே வாரத்துல இடிச்சுட்டாங்க!"

ஒன்பதாவது நாள் மிச்சம் இருந்தது கேட்டுக்கு அந்தப்பக்கத் தெரு மட்டும். நான் போனபோது கேட் மூடியிருந்தது. ஒரு ரயில் போனது, திறக்கவில்லை. இன்னொன்று வரும் என்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. செருப்பு வார் வேறு அறுந்தது. அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

"முடிஞ்சுதா?" என்றார் அத்தை.

"முடிஞ்சுது."

தேர்தலில் அத்தை ஜெயித்தார். இருபத்துமூன்று வாக்கு வித்தியாசம். கடைக்கு முன்னால் கூட்டம் கூடிக் கூச்சல் போட்டது. முடிதிருத்துபவர் அழுதே விட்டார். நான் சாவடிவாரியாக ஒட்டியிருந்த எண்ணிக்கையைப் போய்ப் பார்த்தேன். எனக்குக் கணக்கு வராது. ஆனால் அன்றைக்குப் பார்த்து வந்தது. ஊருக்குள் அத்தை கொஞ்சம் பின்தங்கியிருந்தார். கேட்டுக்கு அந்தப்பக்கச் சாவடியில் மட்டும் தொண்ணூறு வாக்கு முன்னே. அத்தையை ஜெயிக்க வைத்தது, நான் போகாத தெரு.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது, தெரியவும் போகாது. பதவியேற்புக்கு முந்தின நாள், அத்தை வெற்றிச் சான்றிதழை இயந்திரத்தில் வைத்து நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். மாமாவும் அங்கேதான் இருந்தார். அத்தை நகலை எடுத்து மேசையில் வைத்தார்.

"எத்தனை வீடு?"

"அறுபத்துநாலு."

மாமா வாயிலிருந்த ஊசிகளை எடுத்தார். "ஜெயிச்சாச்சு, விடு. அடுத்த தேர்தலுக்குள்ள எல்லாரும் மறந்துடுவாங்க."

"மறந்துடுவாங்கன்னு நம்பித்தான் அவரும் ஏழு கல் நட்டாரு" என்றார் அத்தை. "கடையப் பார்த்துக்குங்க." என் பக்கம் திரும்பவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேட் அன்று திறந்திருந்தது. முதல் சில வீடுகளில் சிரித்தார்கள். "பாலத்தை யாரு நம்புனா? அந்த ஆளு வேண்டாம்னு போட்டோம்" என்றார்கள். எனக்கு மூச்சு வந்தது. பாதித் தெருவைத் தாண்டியபோது, சலவைக்காரம்மா ஒருவர் வீட்டுக்குள் எங்கள் தாள் சுவரில் ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் பசை தடவி, கடிகாரத்துக்குக் கீழே, நேராக. கட்டிலில் அவருடைய கணவர் படுத்திருந்தார்.

அத்தை விஷயத்தைச் சொன்னார். சலவைக்காரம்மா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"வாரத்துல மூணு நாள் இவரை டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். போன மாசம் கேட்டுல நாப்பது நிமிஷம். வண்டியிலயே மயங்கிட்டாரு. நான் இதுக்குத்தான் போட்டேன் உங்களுக்கு."

அத்தை பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அடிக்காதீங்க. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அந்த அம்மா.

"இருந்தா நீங்க அதைப் பார்த்துக்கிட்டே காத்திருப்பீங்கம்மா. அது வராது. ரயில் இல்லாத நேரத்துக்கு ஆஸ்பத்திரியில முறையை மாத்திக் கொடுப்பாங்களான்னு கேக்கறேன். கேட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு வண்டி நிறுத்தி வைக்க முடியுமான்னு பார்க்கறேன்."

"அதையும் அச்சடிச்சுக் கொடுப்பீங்களா?"

"இல்ல. கேட்டுட்டுத்தான் சொல்லுவேன். பதினஞ்சு நாள்ல. முடியலன்னாலும் நேர்ல வந்து முடியலன்னு சொல்லுவேன்."

"இதை யாரு எழுதினது?"

"நான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பதினெட்டு வயதில் நான் ஏதோ பெரிய ஆளாகிவிட்டதாக நினைத்திருந்தேன். அந்தப் பார்வைக்கு முன்னால் ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பிப் போனேன்.

"அப்ப நீயே அடி."

சுவரில் எழுதுவது கடினம். பேனா மை இறங்கவில்லை. உதறி உதறி எழுதினேன். கோடு நேராக வரவில்லை. மேம்பாலம் என்ற சொல் அதற்குக் கீழே தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

"அடுத்த தடவை உங்களுக்குப் போடமாட்டேன்" என்றார் அவர் அத்தையிடம்.

"சரிம்மா" என்றார் அத்தை.

நாங்கள் வாசல் இறங்கும்போது அந்த அம்மா நாட்காட்டித் தாளைப் புரட்டி, விரலால் ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சாவது நாள் வியாழக்கிழமை வருது" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "காலையிலயே வந்துடுங்க. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்."