ஸ்டேஷனில் சொன்ன சம்மதம்

எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில்தான் காரைக்குடியில் எங்கள் தெருமுனையில் இன்டர்நெட் சென்டர் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலையாக இருந்தார். அவருடைய மெயிலைச் சென்டர்காரர் அச்செடுத்து அப்பாவிடம் கொடுப்பார். பதில் எழுத எனக்குக் கூச்சம். அப்பாவே சொல்லி அனுப்பச் செய்வார்.

தெருவுக்கே ஒரே மெயில் முகவரி. ஆளாளுக்கு வந்து கேட்டதால் சென்டர்காரர் பாஸ்வேர்டை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். அது தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் மாப்பிள்ளையின் அம்மா நாட்டரசன்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார். கையில் ஒரு தாள்; எங்கள் தெரு முகவரியிலிருந்து மகனுக்குப் போய், அவர் ஃபேக்ஸில் அனுப்பிவைத்த மெயில். எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை, கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே என் பெயர்.

"பிடிக்கலைன்னா நேர்லயே சொல்லியிருக்கலாமே. எதுக்குக் கம்ப்யூட்டர்ல சொன்னீக?" என்று அப்பாவைக் கேட்டார்.

ஆங்கிலத்தில் நான் எழுதியது பள்ளிக்கூட லீவ் லெட்டர் மட்டும்தான். அதைச் சொல்ல வாய் வராமல் அழுதேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் இறுகிப் போனது. அப்பா எங்களை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்.

புகார் எழுதும் ரைட்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்து எங்கே, தபால் முத்திரை எங்கே என்றார். இதெல்லாம் எந்தச் செக்‌ஷனில் வரும் என்று அவருக்கும் தெரியவில்லை, இன்ஸ்பெக்டருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஆள்மாறாட்டம் என்று எழுதலாம் என முடிவானது. பேனாவைத் திறந்துகொண்டு ரைட்டர் என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளையப் பிடிக்கலைன்னு இதுல இருக்கு. அது பொய்யாம்மா?"

தலையாட்டினேன்.

"தலையாட்டுனத எழுத முடியாது. வாயால சொல்லணும்."

அப்பா சுவர் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். பெண் பார்க்க வந்த அன்று காபியில் சர்க்கரை போட மறந்திருந்தேன். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அது நினைவுக்கு வந்தது.

"பிடிச்சிருக்கு" என்றேன்.

"காதுல விழலையே."

"அவுகளப் பிடிச்சிருக்குய்யா."

பக்கத்து மேஜைக் கான்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்தார்.

"போதும்யா, பிள்ளையப் போட்டு வதைக்காதீக" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். திரும்பும் வழியிலேயே எஸ்.டி.டி. பூத்தில் நின்று மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மெயிலை அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்கவே இல்லை. சென்டர்காரர் சுவரில் இருந்த தாளைக் கிழித்தார். குறித்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. அந்த ஸ்டேஷன் வழியாகப் போனால் என் கணவர் இன்றும் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைப்பார். நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.