பீற்றருக்குப் போட்ட கதிரையில் டெஸ்மன்

ஒக்லாந்துக்குப் பக்கத்துப் புக்கெகோஹியில் கரட்டும் வெங்காயமும் கழுவிப் பெட்டியில் அடுக்கும் கொட்டிலில் வேலை செய்த பெண்களுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க ஓர் அதிசயம் நடந்தது. பின்னேரம் ஈரத்தோடு கழற்றி வைத்துவிட்டுப் போகும் றப்பர் சப்பாத்துகள் காலையில் காய்ந்து கிடந்தன. உள்ளே கசக்கிய பேப்பர்.

"ஆரடி எங்கட சப்பாத்துக்குள்ள பேப்பர் அடையிற குட்டிச்சாத்தான்?" என்று அவர்களில் ஒருத்தி ஷாமிலா கேட்பாள். "கலியாணம் கட்டாத சாத்தானெண்டால் சொல்லுங்கோ, என்ர தங்கச்சிக்குப் பேசுவம்."

சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுத் திரும்பிப் போன ஒரு நாள், அங்கே வேலை செய்த விக்ரோறியா கண்டாள். அதே கொட்டிலில் வேலை செய்யும் அவளுடைய கொழுந்தன் டெஸ்மன் நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு சப்பாத்தாக அடைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ஒன்றும் நடவாதது போல எழும்பி லைற்றை அணைத்தான். அவளும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

டெஸ்மன் அப்படிப்பட்டவன். மன்னாரிலிருந்து முதலில் ஒக்லாந்துக்கு வந்தவன் அவன். அலைந்து திரிந்து விசா எடுத்து அண்ணியையும் எடுப்பித்தான். அண்ணன் பீற்றர் இத்தாலிக்குப் போகிறேன் என்று எகிப்துக் கரையில் வள்ளம் ஏறியவர். ஏறுமுன் ஒரு போன் எடுத்தார். அதன் பிறகு சத்தமில்லை.

விக்ரோறியா தாலியைக் கழற்றவில்லை. நவம்பர் பிறந்து மரித்தோர் நாள் வரும்போது, ஒடாஹுஹுவில் அவள் பூசை காணும் கோயிலில் செத்தவர்களின் பெயரைச் சொல்லி மன்றாடுவார்கள். எல்லாரும் பெயர் கொடுப்பார்கள். அவள் கொடுப்பதில்லை. உயிரோடிருக்கிற மனுசனுக்கு மரித்தோர் பூசை ஒப்புக்கொடுத்தால் அது எவ்வளவு பெரிய பாவம்? செத்த மனுசனுக்குக் கொடாமல் விட்டால், அந்த ஆத்துமா எத்தனை காலம் தவித்துக்கொண்டு கிடக்கும்? இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் முழங்காலில் நின்றாள்.

ஒரு நாள் தவராசா என்ற ஊர்க்காரர் இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து போனில் கதைத்தார். அங்கே மீன்பிடி வள்ளத்தில் வேலை செய்பவர். பக்கத்துச் சின்னக் கிராமமொன்றில், கடலில் எடுத்த எங்கள் நிறத்து ஆளொருவரைப் புதைத்திருக்கிறார்களாம், வந்து பார்த்தால் நல்லது என்றார். டெஸ்மன் உடனே ரிக்கற் போட்டான். இருவரும் போய் இறங்கிய நாள், தற்செயலாக மரித்தோர் நாளாகவே அமைந்துவிட்டது.

நல்ல வெயில். ஆனால் ஒரு வள்ளமும் கடலில் இல்லை. எல்லாம் கரையில் இழுத்துக் கிடந்தன.

"இண்டைக்கு வலை போட மாட்டினம்," என்றார் தவராசா. "போட்டால் மீன் வராதாம், ஆக்கள்தான் வருவினமாம்."

வீட்டுக் கதவுகளெல்லாம் ஒரு சாண் திறந்திருந்தன. உள்ளே ஆளரவம் இல்லை. கரையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த கிழவர் டெஸ்மனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண் சிலுவை அடையாளம் போட்டாள். விக்ரோறியாவையோ தவராசாவையோ ஒருவரும் பார்க்கவில்லை. டெஸ்மனையே பார்த்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு என்பது விக்ரோறியாவுக்கு அப்போதுதான் நெஞ்சில் இடித்தது.

கடைசி வீட்டிலிருந்து நுன்சியா என்ற கிழவி வந்தாள். அவளுடைய மகனும் கடலோடு போனவன், உடம்பு கிடைக்காதவன். கடலில் எடுத்த அந்த ஆளைக் கழுவிப் புதைப்பித்தவள் அவள்தானாம். அவள் திடுக்கிடவில்லை. டெஸ்மனின் கன்னத்தைத் தடவி ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?" என்றாள் விக்ரோறியா.

தவராசா கிழவியைப் பார்த்தபடி சொன்னார். "ஏன் இவ்வளவு பிந்தினாய் எண்டு கேக்கிறா."

வீட்டுக்குள் மேசையில் பாணும் மீன் குழம்பும் வைத்து, கடலைப் பார்க்க ஒரு வெறுங்கதிரை போட்டிருந்தது. இந்த நாளில் வீட்டுக்கு வரும் செத்தவருக்கு அப்படி வைப்பது அவர்களின் வழக்கமாம். கிழவி டெஸ்மனின் கையைப் பிடித்து அதில் இருத்தினாள்.

"இது அவர் இல்லை, தம்பியெண்டு சொல்லுங்கோ, அண்ணை," என்றாள் விக்ரோறியா.

"சொன்னனான், பிள்ளை. சிரிக்கிறா."

பிறகு கிழவி மாதா சுரூபத்தின் அடியிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து வந்தாள். வெறும் பை. தோய்த்து மடித்திருந்தது. ஓரத்தில் நீல நூல் தையல். அது விக்ரோறியாவின் கைத்தையல். பீற்றர் வெளிக்கிட்ட அன்று மடுமாதா கோயில் மண்ணை அதற்குள் வைத்துத் தைத்து அவர் இடுப்பில் கட்டிவிட்டவள் அவள்தான். அந்த மண் இருந்தால் பாம்பும் தீண்டாது, ஆபத்தும் அண்டாது என்பது மன்னாரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

கிழவி சொல்லச் சொல்ல தவராசா மெதுவாகச் சொன்னார்: "இடுப்பில மண் இருந்ததாம். தன்ர புதைகுழிக்குத் தானே மண் கொண்டுவந்த மனுசன் எண்டு நினைச்சவையாம். அதைத்தான் பெட்டிக்கு மேல தூவினவையாம்."

விக்ரோறியா அந்த நீலத் தையலைத் தடவினாள். காப்பாற்று என்று கட்டிவிட்ட மண். அவள் கையாலேயே அனுப்பிய மண்.

சவக்காலையில் அந்தக் குழி சுண்ணாம்பு பூசித் துப்புரவாக இருந்தது. விக்ரோறியா முழங்காலில் நின்று, செத்தவர்களுக்கான மன்றாட்டைத் தன் புருசனுக்காக முதன்முதலாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும், பயத்துக்கு நடுவிலும், நெஞ்சுக்குள் ஒரு பாரம் இறங்கியது. ஆண்டவர் அவளுக்கு ஒரு மறுமொழி தந்துவிட்டார். தாலியைக் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்தாள்.

டெஸ்மன் சவக்காலைக்கு வரவில்லை. அவள் திரும்பி வந்தபோதும் அதே கதிரையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாணின் கரையைப் பிய்த்து ஒதுக்கிவிட்டு நடுவை மட்டும் தின்பது பீற்றரின் பழக்கம். டெஸ்மன் அப்படித் தின்று அவள் கண்டதே இல்லை. தட்டோரத்தில் கரைகள் வரிசையாகக் கிடந்தன.

"தம்பி, எழும்பும்," என்றாள்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணி. மனுசி இன்னும் போடுறா."

இருவரும் ஒக்லாந்துக்குத் திரும்பினார்கள். அடுத்த வருசம் அவள் கோயிலில் பீற்றரின் பெயரைக் கொடுத்தாள். டெஸ்மன் வேலையை விட்டுவிட்டுத் தீவுக்கு மறுபடி வெளிக்கிட்டான். போனவன் ஒக்லாந்துக்குத் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். ஒரு தடவை பின்னால் கிழவி, பீற்றரின் பெயரைத் தன் பாசையில், "பியேத்ரோ" என்று கூப்பிடுவது கேட்டது. டெஸ்மன், "ஓம், வாறன்," என்றான், தமிழில்.

அவனை அவள் கடைசியாக நேரில் கண்டது, அவன் வெளிக்கிட்ட அன்று விமான நிலைய வாசலில். "பூசைக்குப் பேர் குடுத்திட்டன், தம்பி. அவர் இளைப்பாறட்டும். இனி அங்க என்ன இருக்கு உமக்கு?" என்று கேட்டாள்.

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாந்தமாக, பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போலச் சொன்னான்:

"கதிரை போட்டு வச்சிருப்பா, அண்ணி. இந்தமுறை ஒருத்தரும் போகாட்டி, அண்ணன் செத்துப்போனார் எண்டெல்லோ அந்த மனுசி நினைக்கும்."