அரைப் பேர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் தலை கொஞ்சம் நிமிர்கிறது. நிமிரட்டும் என்று விட்டுவிடுவேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஹாலிஎல டவுனுக்கு வந்து, ஒரு கடையில் மூட்டை இறக்கும் வேலையில் சேர்ந்துவிட்டார். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் எங்கள் வீடு. "தோட்டத்துப் பேச்சு நாக்குல வரக்கூடாது" என்பது அம்மா போட்ட சட்டம். அந்தச் சட்டத்தைத் தோட்டத்துப் பேச்சிலேதான் அம்மா சொல்வாள்.

பதுளையில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த டீச்சர் சித்திரை விடுமுறைக்கு முன் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். "உங்கட குடும்பத்தில தெரிஞ்ச ஆகப் பழைய பொம்பிளை ஆர்? லீவு முடிஞ்சு வரேக்க அவவின்ர பேரைக் கேட்டுக்கொண்டு வாங்கோ."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, புடவைக்கடைக்காரரின் மகள் அப்போதே விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். உம்மா, உம்மும்மா, அவருடைய உம்மா என்று அவள் விரல்கள் போய்க்கொண்டே இருந்தன. "உங்க வீட்டுல?" என்றாள். என் விரல்கள் அம்மாவின் அம்மாவோடு நின்றுவிட்டன. வகுப்பில் முதல் மாணவி நான். அதனால் அது எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மாலை அப்பாவைக் கேட்டேன்.

"நடந்து வந்தவ ஒருத்தி இருந்தா" என்றார். "எங்க சித்தப்பாவோட அப்பாயி. வெள்ளைக்காரன் காலத்துல கடல் தாண்டி வந்து, மன்னார்ல எறங்கி, காட்டு வழியா மடுல்சீமைக்கு நடந்தே வந்தாளாம்."

"பேரு?"

"அத சித்தப்பாவத்தான் கேக்கணும். அவளக் கண்ணால பாத்தவரு இப்ப அவரு ஒருத்தருதான்."

அப்பாவின் சித்தப்பாவை நான் சின்னத் தாத்தா என்பேன். தேர்த் திருவிழாவுக்கு மடுல்சீமை போனபோது அவரைத் தேடி லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஓடினேன். எல்லோரும் கோயிலடியில் இருந்தார்கள். அவர் மட்டும் முழங்கால் வலியோடு அடுப்பருகே உட்கார்ந்து, பலாக்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு காது சுத்தமாகக் கேட்காது. மறு காது இஷ்டப்பட்டால் கேட்கும்.

"வாங்க டீச்சரம்மா" என்றார். "மொகத்தப் பாத்தா விசாரணைக்கு வந்த மாதிரி இருக்கு."

நான் அவர் காதருகே போய்க் கத்தினேன். "தாத்தா, உங்க அப்பாயிக்குப் பேரு?"

"பேரா?" அவர் ஒரு கொட்டையை ஊதித் தோலுரித்தார். "அவளுக்கு ஏது முழுப் பேரு. அரைப் பேருதான். பாதி நாளு அரைப் பேருதான்."

"மிச்சப் பாதி என்னா ஆச்சு?"

"கங்காணி தின்னுட்டான்."

அவர் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. மீனாட்சியை மீனா என்று கூப்பிடுவதைப்போல, வேலைக்காட்டில் மேற்பார்வை பார்த்த கங்காணி அவளைப் பாதிப் பெயரால் கூப்பிட்டிருக்கிறான். மறு பாதி தொலைந்துவிட்டது. புத்தகத்தில்கூட இப்படி ஒரு கதை இல்லை என்று நினைத்தேன்.

"எங்க அப்பன் அப்ப கைப்புள்ள" என்று அவர் தொடர்ந்தார். "பாலு குடுக்க மலையிலருந்து எறங்கி ஓடி வருவா..."

கோயில் பக்கம் மேளம் கேட்டது. தேர் கிளம்பிவிட்டது. நான் எழுந்தேன்.

"இருடி, இன்னும் இருக்கு. எங்க ஓடுற?"

"பேரு கெடச்சிருச்சு தாத்தா."

"முழுப் பேரா, அரைப் பேரா?"

"அரைதான்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் இருமலும் சிரிப்புமாக ஏதோ சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன், பேரில் பாதிதான் மிஞ்சியிருக்கிறது என்று. தூக்கக் கலக்கத்தில் இருந்த அப்பா, "பாதியாச்சும் மிஞ்சிச்சே" என்றார்.

பள்ளி திறந்த நாளில் எழுந்து நின்று, நல்ல தமிழில் சொன்னேன்: "எங்கள் குடும்பத்தின் மூத்த பெண்ணுக்குப் பாதிப் பெயர்தான், டீச்சர். மீதியைக் கங்காணி தின்றுவிட்டார்." வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சருக்கும் புரியவில்லை. "சரி பிள்ளை, இரும்" என்றார். அன்றிலிருந்து தோட்டத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த மழைக்காலத்தில் சின்னத் தாத்தா இறந்தபோது பரீட்சை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டேன்.

படித்து முடித்து, நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் எனக்கு வேலை கிடைத்தது. டீச்சரம்மா என்று சின்னத் தாத்தா கேலியாகச் சொன்னது பலித்துவிட்டது. ஒருநாள் மாலை, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் என் வகுப்பு ஜன்னலோரமாகப் போனாள். கூட வந்தவள், "என்னாடி மூஞ்சிய தொங்கப்போட்டுருக்க?" என்றாள்.

"புள்ளைக்குப் பாலு குடுத்துட்டு மலைக்கு ஏற நேரமாயிருச்சு. கொழுந்து கொறஞ்சு போச்சு. இன்னைக்கும் அரைப் பேருதான் போட்டாங்க."

கையில் சுண்ணக்கட்டியோடு நின்றேன். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கே பேர் என்றுதான் சொல்வார்கள். வேலை குறைந்தால் கங்காணி போடுவது அரைப் பேர், பாதிச் சம்பளம். லயத்தில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த சொல், எனக்கு அந்த வயதில் தெரியாமல் போனது.

அதற்குப் பிறகு மடுல்சீமையில் அவள் பெயரை நான் கேட்காத வீடு இல்லை. கெழவி என்றார்கள், நடந்து வந்தவ என்றார்கள், உங்க தாத்தாவோட அப்பாயி என்றார்கள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் மிச்சமில்லை.

மலையிலிருந்து ஓடி வந்து பால் கொடுத்தாளே, அந்தக் கைப்பிள்ளையின் வழியில் வந்தவள்தான் நான். சின்னத் தாத்தா அதைத்தான் சொல்லத் தொடங்கியிருந்தார். பலாக்கொட்டை சூடு ஆறுவதற்குள் அவள் பெயரும் வந்திருக்கும். அவர் இருடி என்றார். நான்தான், பேரு கெடச்சிருச்சு தாத்தா என்று சொல்லிவிட்டுத் தேர் பார்க்க ஓடினேன்.