ஹைப்ரிட்டுக்கு நான்கு எலுமிச்சம்பழம்

அமெரிக்காவிலிருந்து மதுரைக்கு விடுமுறையில் வந்து இறங்கினால் முதல் சில நாட்களுக்கு எல்லா வண்டிகளிலும் நான் தவறான பக்கக் கதவையே திறப்பேன். இந்த முறையும் அப்படித்தான். சிம்மக்கல்லில் மச்சானின் வண்டி நின்றுகொண்டிருந்தது. மச்சான் என்றால் ராசு, என் மனைவி கலாவதியின் அண்ணன். மொத்த வியாபாரக் கடைகளில் அரிசி, பருப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய், சுற்றுவட்டாரத்து மளிகைக் கடைகளில் இறக்குவது அவர் தொழில். வண்டி, ஊரே குட்டியானை என்று கூப்பிடும் சின்ன லோடு வண்டி. நான் பழக்கதோஷத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறப் போனேன். அங்கே ஸ்டியரிங்குக்குப் பின்னால் மச்சான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். "என்ன மாப்ள, மடியில உக்காரப் போறீகளா?" என்று கேட்டார். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சுற்றிப் போய் இடது பக்கம் ஏறினேன். கை தானாக சீட் பெல்ட்டைத் தேடியது. பெல்ட் இல்லாமல் இல்லை. தண்ணீர்க் கேன் உருளாமலிருக்க அதை வைத்துத்தான் மச்சான் கட்டியிருந்தார். அமெரிக்காவில் பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்தும். இங்கே பெல்ட்டைக் கேட்டதற்கு மச்சான் கத்தினார்.

அந்த விடுமுறையில் எனக்கு வண்டிகளைத் தவிர வேறு நினைப்பே இல்லை. வட கரோலினாவில் நாங்கள் இருக்கும் சிற்றூரில் ஒரு சின்ன பிக்கப் வாங்க முன்பதிவு செய்துவிட்டு வந்திருந்தோம். பிக்கப் என்பது வேறொன்றுமில்லை. மச்சானின் குட்டியானைக்கு ஏசியும் நாலு கதவும் வைத்து மேல்படிப்புக்கு அனுப்பினால் எப்படி இருக்குமோ, அதுதான். அந்த வண்டியில் இரண்டு வகை இன்ஜின் கிடைக்கும். ஒன்று ஹைப்ரிட். பெட்ரோல் இன்ஜினோடு ஒரு மின்சார மோட்டாரும் பேட்டரியும் இருக்கும். ஊருக்குள் பாதி நேரம் சத்தமில்லாமல் பேட்டரியிலேயே நகர்ந்து, பெட்ரோலைத் தொட்டு நக்கிக்கொண்டு போகும். மற்றொன்று டர்போ. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் சமாச்சாரம். குடிக்கும் குடியும் அதிகம், இழுக்கும் இழுவையும் அதிகம். எது வேண்டும் என்பதை விடுமுறை முடிவதற்குள் டீலருக்குச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு வேலைக்குப் போகவரத் தூரம் அதிகம். அதை மட்டும் பார்த்தால் ஹைப்ரிட் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் நடுவில் ஒரு பணியாரக் கடை இருந்தது. கல்யாணத்துக்கு முன் மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் மேசைக்குப் பின்னால் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தவள் கலா. அமெரிக்காவுக்கு வந்தபின் விசா விதி என்ற பெயரில் வருடக்கணக்காக வீட்டுக்குள் இருந்தாள். ஒருவழியாக வேலை செய்ய அனுமதி வந்ததும், சனிக்கிழமைச் சந்தையில் குழிப்பணியாரக் கடை போடப்போவதாக அறிவித்தாள். அங்கே அப்படிக் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு ட்ரெய்லர் வைத்திருப்பார்கள். அடுப்பும் கழுவும் தொட்டியும் உள்ளேயே இருக்கும் சக்கரம் வைத்த சமையலறை. அதை டர்போ இழுக்கும், ஹைப்ரிட் இழுக்காது. இது தெரிந்திருந்தும் ஒரு நாள் காலையில் காப்பியைக் குடித்துக்கொண்டே, "ஹைப்ரிட்டே எடுத்துடலாம்னு பாக்குறேன்" என்று வாயை விட்டேன். கலா தோசையைத் திருப்பிப் போட்டாள். "அப்ப என் கடை ஓடாதுன்னு முடிவே பண்ணிட்டீங்க" என்றாள். மைலேஜைப் பற்றித்தான் பேசினேன் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவள் சொன்னதுதான் உண்மை என்பதுபோல எனக்கே கேட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டர்போ என்றால் நம்பிக்கை, ஹைப்ரிட் என்றால் அவநம்பிக்கை என்று ஆகிவிட்டது. என் மனைவியின் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பதை ஒரு இன்ஜின் முடிவு செய்ய வேண்டிய நிலைமை.

இரண்டையும் சமாளிக்க ஒரு குறுக்குவழி இருக்கும் என்று நினைத்துத்தான் ஊருக்குக் கிளம்பும் முன் டீலரிடம் போயிருந்தோம். எங்களைக் கவனித்த இளைஞனின் பெயர் டைலர். ஹைப்ரிட் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டேன். ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு என்றான். "அது புத்தகத்தில் இருப்பது. நிஜமாக எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்டேன். ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு என்றான். மதுரையில் வளர்ந்தவனுக்கு இது புரியவே புரியாது. எங்கள் ஊரில் லோடு வண்டிக்கு இரண்டு எடை உண்டு. ஒன்று காகிதத்தில் இருப்பது. மற்றொன்று டிரைவர் பின்பக்கம் போய் நின்று, சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் பட்டை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, "இன்னும் ரெண்டு மூட்டை போடுங்கண்ணே" என்று சொல்வது. எழுதியிருக்கும் எடை பேச்சைத் தொடங்குவதற்குத்தான். நான் டைலரைப் பார்த்துக் கண்ணடித்து, "நமக்குள்ளே சொல்லு" என்றேன். அவன் முகம் வெளுத்து, உள்ளே போய் மேலாளரை அழைத்து வந்தான். அவர் ஒரு பாதுகாப்பு அறிவுரைத் தாளை எங்களுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். கிளம்பும்போது டைலர் பேச்சை மாற்ற விரும்பியவனைப் போல, வண்டியின் பின்தொட்டியில் இருந்த ஒரு பிளக் பாயிண்டைக் காட்டினான். லோடு ஏற்றும் இடத்தில் யார் போனுக்கு சார்ஜ் போடப் போகிறார்கள் என்று நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மச்சானிடம் இந்தக் கதையைச் சொன்னபோது நாங்கள் மூட்டைகளோடு டி. கல்லுப்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கலா ஜன்னலோரம் தண்ணீர்க் கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நடுவில். மச்சான் கியர் மாற்றும்போதெல்லாம் என் முழங்காலும் இடம் மாறியது. "எழுதுன அளவுதான் இழுக்குமா? என்னா மாப்ள, அது வண்டியா வாத்தியாரா?" என்று மச்சான் வியந்தார். அவர் கட்சி டர்போ. "லோடு வண்டின்னா ஒரே கேள்விதான். எம்புட்டு இழுக்கும்? அம்புட்டுத்தான். அத விட்டுட்டு பேட்டரி, மோட்டருன்னு ரெண்டு இஞ்சினக் கட்டிக்கிட்டு மாரடிச்சா, ரெண்டு பொண்டாட்டிக்காரன் பொழப்பாயிரும்." நான் பாரம் ஏற்றாமல் வேலைக்குப் போய்வரும் நாட்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது, வண்டி ஒரு மேம்பாலத்தில் ஏற ஆரம்பித்து முனகியது. புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று எங்களை நிதானமாகத் தாண்டிப் போனது. மச்சான் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "பாத்தீகளா? இந்த எடத்துல டர்போ மட்டும் இருந்திருந்தா?" என்றார். பிறகு, "அந்த ஹைப்ரிட்டு உங்களமாதிரிதான் மாப்ள. அங்கிட்டும் இல்லாம இங்கிட்டும் இல்லாம" என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது. கலா மட்டும், "அண்ணே, நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள்.

என் பெற்றோர் வீடு நாகமலை புதுக்கோட்டையில். மறுநாள் சாயங்காலம் வாழைப்பழம் வாங்க நானும் கலாவும் கடைத்தெருப் பக்கம் நடந்தோம். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி ஒரு குட்டியானை நின்றது. பின்கதவை இறக்கிவிட்டு, மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டி, கதவின் மேலேயே அடுப்பும் பணியாரச் சட்டியும் வைத்து ஒரு அம்மா பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் தட்டில் வாழையிலை போட்டு, காரச்சட்னி ஊற்றிக் கொடுத்தார். கல்லூரிப் பிள்ளைகள் மொய்த்துக் கிடந்தார்கள். இந்த மாதிரி வண்டிக்கடைகளை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் ஆரஞ்சு, வெங்காயம், பிரியாணி, பிளாஸ்டிக் வாளி எல்லாமே வண்டியின் பின்னால்தான் விற்கும். கலா இரண்டு தட்டு வாங்கினாள். ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் கைய வச்சுக்கிறட்டுமா?" என்று கேட்டாள். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். கலா குனிந்து, பூக்காரியைப் போல முழங்கையை ஊன்றி, அந்தப் பின்கதவின் அகலத்தை முழம் போட்டு அளந்தாள். மூன்று முழத்துக்குக் கொஞ்சம் கூட. பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி தன் தோழியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "நம்ம பிக்கப்போட பின்கதவு அகலம் என்னன்னு பாருங்க" என்றாள். இணையத்தில் அங்குலத்தில் இருந்தது. அதை முழமாக மாற்றிச் சொன்னேன். மூன்று முழம். கலா, "ட்ரெய்லர் வேணாம்" என்றாள். கடையையே வேண்டாம் என்கிறாள், அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்தேன். "டர்போவே எடுப்போம் கலா. கடை நல்லா ஓடும். எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஓடும்னு எனக்குத் தெரியாதா? நீங்களும் எங்கண்ணனும் வண்டி போறப்ப என்ன பண்ணும்னே பேசுறீங்க. எனக்கு அது நிக்கிறப்ப என்ன பண்ணும்னுதான வேணும்? அந்தப் பையன் பின்னால ஒரு பிளக்கு காட்டுனானே, அதுல லைட்டு எரியும், சின்னதா ஒரு மிக்ஸி ஓடும். ஹைப்ரிட்டுன்னா சும்மா சும்மா உறுமாம பேட்டரில நிக்கும். உறுமுற வண்டிகிட்ட நின்னு யாரு பணியாரம் திம்பா?"

கடைக்கு ட்ரெய்லர் வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள் என்று அப்புறம் யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. அங்கே போனதும் அங்கத்திய கடைகளைப் பார்த்து நாங்களே முடிவு செய்துகொண்டோம். பிறந்ததிலிருந்து வண்டியின் பின்னால் வாங்கித் தின்றவர்களுக்குச் சொந்த வண்டி என்றதும் அது மறந்துபோயிற்று. அன்றே டைலருக்கு ஹைப்ரிட் என்று செய்தி அனுப்பினேன். அற்புதம் என்று பதில் வந்தது. நான் கண்ணடித்ததை அவன் மன்னித்துவிட்டான் போலிருக்கிறது.

மச்சான்தான் மன்னிக்கவில்லை. நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன சேதியைக் கேட்டவர் போல, "அப்ப டர்போ இல்லையா?" என்று கேட்டார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நாங்கள் கிளம்பும் நாளன்று விமான நிலையத்துக்குப் பாண்டி கோவில் திருநீறோடு வந்து நின்றார். மதுரைக்காரர்கள் புது வண்டியை அங்கே கொண்டுபோய்ப் பூசை போடாமல் ஓட்ட மாட்டார்கள். வண்டி வர முடியாததால் திருநீறு போகிறது. கூடவே ஒரு பை எலுமிச்சம்பழம். கலா அதைத் திருப்பிக் கொடுத்தாள். "அங்க பழத்தப் புடுங்கிக்குவாங்கண்ணே. அங்கயே எலுமிச்சம்பழம் கிடைக்கும்." மச்சானுக்கு நம்பிக்கை வரவில்லை. "அந்தப் பழம் இதுக்குச் செல்லுமா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வண்டிய எடுக்குறப்ப போனப் போடுங்க மாப்ள. இஞ்சின் சத்தத்த நான் கேக்கணும். அதக் கேட்டாத்தான் எனக்கு வண்டி எடுத்த மாதிரி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் பிக்கப் சந்தையில் பின்கதவை இறக்கிவிட்டு நிற்கிறது. கவுண்டியின், அதாவது அங்கத்திய மாவட்டத்தின், சுகாதார அதிகாரி வந்து பார்த்து, கைகழுவ ஒரு தொட்டி கூடுதலாக வைக்கச் சொல்லிவிட்டு அனுமதி கொடுத்தார். முதல் வாரம் வந்த ஒரு பெரியவர் பணியாரத்தைப் பார்த்து, "ஹஷ் பப்பியா?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் மக்காச்சோள மாவை உருட்டி எண்ணெயில் பொரித்து மீனோடு தின்பார்கள், அதற்கு அந்தப் பெயர். அரிசி, உளுந்து, மாவு புளிப்பது என்று கலா எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, ஆறு ஹஷ் பப்பி கொடு" என்றார். அடுத்த வாரம் மனைவியையும் கூட்டி வந்தார். கலா இப்போதெல்லாம் விளக்குவதில்லை. மதியத்துக்குள் மாவுச் சட்டி காலியாகிவிடுகிறது.

ஆனால் அந்த முதல் சனிக்கிழமைக் காலையைச் சொல்லாமல் விட மனசில்லை. வீட்டு வாசலில் வண்டிக்குத் திருநீறு பூசி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தோம். கடையில் வாங்கிய பழம், நார்த்தங்காய் அளவுக்கு இருந்தது. பக்கத்து வீட்டு டேவ் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்தார். உள்ளே போய், இரண்டு பெரிய ரப்பர் கட்டைகளோடு திரும்பி வந்தார். "பழமெல்லாம் நிற்காது, வண்டி உருளாமலிருக்க இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம். கலா ஏறி உட்கார்ந்து மச்சானுக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். அங்கே சாயங்காலம். சிம்மக்கல்லில் மச்சானும் அவருக்குப் பின்னால் மூட்டை தூக்கும் ஆட்களும் கூட்டமாக நின்றார்கள். நான் பொத்தானை அழுத்தினேன்.

"ம், ஸ்டார்ட் பண்ணுங்க மாப்ள."

"பண்ணிட்டேன் மச்சான்."

"எங்க? சத்தத்தவே காணோம்."

"பேட்டரில நிக்குது. இது இப்படித்தான்."

மச்சானின் முகம் வாடிவிட்டது. பிறகு போனில் படம் ஆடியது. வானம் தெரிந்தது, ஒரு கடைப் பலகை தெரிந்தது, கடைசியாகத் தண்ணீர்க் கேனும் ஸ்டியரிங்கும் தெரிந்தன. குட்டியானையில் ஏறி, போனை முன்னால் நிறுத்திவைத்து, சாவியைத் திருகினார். அது இரண்டு முறை இருமிவிட்டு, மூன்றாவதில் பிடித்துக்கொண்டு உறுமியது. கலாவின் போன் எங்கள் வண்டியின் ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததால், அந்த உறுமல் பிக்கப் முழுவதும் நிறைந்து, திறந்திருந்த ஜன்னல் வழியே தெருவுக்கும் போனது. "இப்ப எடுங்க மாப்ள!" என்று மச்சான் கத்தினார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். நான்கு பழமும் ஒன்றாக நசுங்கின. கலா ஒரே நேரத்தில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

ஓரமாக நின்ற டேவ் கட்டைவிரலை உயர்த்தினார். "நல்ல இன்ஜின்!" என்றார்.

"ஆமாம்" என்றேன்.