"புரிஞ்சுதா" என்று கேட்காத அலுவலகம்

கிட்ட வந்து உட்காருங்கள், என் வேலை என்னவென்று சத்தமாகச் சொன்னால் சிரிப்பார்கள்: மைசூரில் ஒரு மொழி ஆராய்ச்சி அலுவலகத்தில், புரியவில்லை என்று சொல்வது. கோர்ட் நோட்டீஸ், ரேடியோ செய்தி, பள்ளிக்கூடப் பாடம், எதுவானாலும் ஜனங்களுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே ஆராய்ச்சி. பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் ஒன்றும் விளங்காமல் "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். அப்படித் தலையாட்டியே ஒருத்தர் தன் கிணற்றைப் பறிகொடுக்க இருந்தார். அவரிடம் போவதற்கு முன்னால் மூன்று சங்கதி.

டீ ஆறிய கதை

நாலாவது வரைக்கும்தான் படித்தேன். விஜயநகரில் இருந்த அந்த அலுவலகத்துக்கு டீ போடத்தான் போனேன். அங்கே ஹேமா மேடம்தான் தலைமை. மைசூர்த் தமிழ்ப் பெண், என் மகள் வயது. ஒரு நாள் டீ வைக்கப் போன என்னை உட்காரச் சொல்லி, சொத்து நோட்டீஸ் ஒன்றைத் தமிழாக்கி வாசித்தார்.

"புரிஞ்சுதா ரோசக்கா?"

"நல்லாப் புரிஞ்சுது மேடம்."

"அப்படின்னா, இந்த நோட்டீஸ் எனக்கு வந்திருந்தா நான் இப்ப என்ன செய்யணும்?"

யோசித்து யோசித்துப் பார்த்தேன். கடைசியில், "டீயைக் குடிக்கணும் மேடம், ஆறிப்போகுது" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே டீயோடு இந்த வேலையையும் எனக்குக் கொடுத்தார். அப்புறம் அடுத்த அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே நம்ம ஆபீஸ்ல யாரும் யாரையும் 'புரிஞ்சுதா'ன்னு கேக்கக் கூடாது. அது கேள்வியே இல்ல. அதுக்கு வர்ற பதிலும் பதில் இல்ல, மரியாதை!"

அலசுகிற தண்ணீர்

அணை திறக்கும்போது ரேடியோவில் ஒரு எச்சரிக்கை வாசிப்பார்கள். "உள்வரத்து, உபரிநீர், தாழ்வான பகுதி" என்று கன்னடத்தில் கனமான வார்த்தைகளாக இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நஞ்சன்கூடு ஆற்றங்கரைக்குப் போனோம். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம் வாசித்துக் காட்டினோம். எல்லாரும் தலையாட்டினார்கள். "சரி, இப்ப என்ன செய்வீங்க?" என்று மேடம் கேட்டார். ஒரு அம்மா பக்கத்திலிருந்த மூட்டையைக் காட்டி, "இதையும் துவைச்சுட்டுத்தான் கிளம்புவேன். தண்ணி நெறைய வந்தா அலசறதுக்கு நல்லதுதானே?" என்றாள்.

திரும்பி வந்து மேடம் அதை மாற்றி எழுதினார். "அணையைத் திறக்கிறார்கள். துணியை எடுங்கள். பிள்ளையைத் தூக்குங்கள். உடனே மேலே ஏறுங்கள்." மறுபடி போய் வாசித்தோம். முடிப்பதற்குள் அதே அம்மா மூட்டையோடு படியில் பாதி ஏறிவிட்டாள்! செய்தி ஆசிரியருக்கு மட்டும் மனம் வரவில்லை. ஆனால் அதையேதான் ரேடியோவில் போட்டார். போடுவதற்கு முன்னால் அவர் சொன்னது: "மேடம், இது நியூஸ் மாதிரியே இல்ல, எங்க அம்மா திட்டற மாதிரி இருக்கு."

ஒரு நாள் விரதம்

குண்டலுபேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். கணக்கு வாத்தியார் நிமிஷத்துக்கு ஒரு தரம் "அர்த்த ஆய்தா?" என்பார். புரிந்ததா என்று அர்த்தம். வகுப்பே ராகம் போட்டு "ஆய்து சார்" என்னும். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு நாள் விரதம் இருங்கள், அதற்குப் பதிலாக நடத்தின கணக்கைப் பிள்ளைகளில் யாரையாவது திருப்பி நடத்தச் சொல்லுங்கள் என்றார் மேடம். பாவம், மனுஷர் நாக்கைக் கடித்துக்கொண்டே அன்றைய பொழுதை ஓட்டினார். ஒரு பிள்ளைக்கும் கணக்கு வரவில்லை. சாயங்காலம் எங்களை பஸ் ஏற்றிவிட வந்தவர் சொன்னார்: "இத்தனை வருஷமா நான் பாடம் நடத்தல மேடம், பஜனைதான் நடத்தியிருக்கேன்."

மாரப்பனின் மஞ்சள்

மாரப்பன் ஹனூர் பக்கத்து விவசாயி, தமிழர். அவருக்கும் தம்பி கந்தசாமிக்கும் பொதுவில் ஒரு கிணறு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். தம்பி கேஸ் போட்டார், பிறகு சமாதானமாகப் போகலாம் என்று ராஜி பேசினார்கள். ராஜிப் பத்திரம் கோர்ட் கன்னடத்தில் இருந்தது. வாசித்துவிட்டு, "சம்மதமா?" என்று ஜட்ஜ் கேட்க, பழையபடி முறைவைத்துத்தான் என்று நினைத்து மாரப்பன் தலையாட்டிவிட்டார். ஊருக்குப் போனால் மோட்டார் ரூமில் தம்பியின் பூட்டு! கிணற்றையே விட்டுக்கொடுத்ததாக அதில் இருந்திருக்கிறது. வயலில் மஞ்சள் நிற்கிறது. தண்ணீர் இல்லையென்றால் அந்த வருஷப் பாடு அத்தனையும் கருகிப்போகும்.

ராஜியை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்ட வக்கீல், அவரை மேடத்திடம் அழைத்து வந்தார். நான்தான் டீ கொடுத்தேன். "ஏன் அண்ணா, புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "அத்தாப் பெரிய மனுசரு நம்மளப் பாத்துக் கேக்கறாருங்க அம்மிணி. புரியலீன்னா அவருக்குக் கொறச்சலாப் போயிருமுங்களே!"

மேடம் வாசித்த ராஜி

விசாரணைக்கு மேடத்தைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். கந்தசாமியின் வக்கீல் எழுந்தார். மாரப்பன் சந்தையில் கன்னடத்தில்தான் பேரம் பேசுகிறார், புரிந்துதான் தலையாட்டினார் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "என் கட்சிக்காரரும் அதே வீடு, அதே படிப்பு. அவருக்கு வரிக்கு வரி புரியும். வேணும்னா இப்பவே வாசிச்சுப் பாருங்க!" என்று சவால் விட்டார்.

மேடம் ஜட்ஜிடம் அனுமதி கேட்டு, ராஜியைக் கையில் வாங்கி, கோர்ட்டில் வாசிக்கிற அதே வேகத்தில் வாசித்தார். கந்தசாமி கைகட்டி நின்று வரிக்கு வரி தலையாட்டினார். அவருடைய வக்கீல் அடுத்த கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தன் பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்த ஜட்ஜ், பாதியில் விரலை நிறுத்தி மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். மேடம் தலையைத் தூக்கவே இல்லை. ஜட்ஜ் மறுபடி விரலை ஓட்ட ஆரம்பித்தார்.

வாசித்து முடித்ததும் ஜட்ஜ் கந்தசாமியைக் கேட்டார்: "இதெல்லாம் சம்மதமா?"

"சம்மதமுங்க சாமி, எல்லாம் சரியா இருக்குது."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா உங்க ரெண்டு பேரையும் இடம் மாத்தி வாசிச்சாங்க. நீங்க இப்ப ஒத்துக்கிட்டபடி கிணறு முழுக்க உங்க அண்ணனுக்கு. உங்களுக்கு ஒரு குடம்கூடக் கிடையாது."

கந்தசாமி கட்டின கையைப் பிரித்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஐயோ சாமி! பெரியவங்க கேக்கறீங்களேன்னு மரியாதைக்குத் தலையாட்டினேனுங்க!"

அந்தப் பேச்சை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்ன ஜட்ஜ், பழைய ராஜி செல்லாது என்று தள்ளி, மோட்டார் ரூம் பூட்டை அன்றைக்கே திறக்கவும் உத்தரவு போட, எங்கள் மேடம் கூண்டை விட்டு இறங்கும்போது கந்தசாமியின் வக்கீலைப் பார்த்து, இவ்வளவு நல்ல சாட்சியைக் கொடுத்ததற்கு ரொம்ப நன்றி என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.