கல் எடை போக

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் வாடகைக்குத் தங்கி, ஆசிரமத்துக்குப் போய், பற்றுகளைத் துறக்கப் பழகுவார்கள். அவர்கள் பற்றைத் துறந்து கொடுத்த வாடகையில் நான் ஒரு வைர நெக்லஸ் வாங்கினேன்.

வேலூரில் பெரிய கடை. ஏசி, ஜூஸ், உட்கார சோபா. "இது நகை இல்லீங்க மேடம், முதலீடு," என்றார் சேல்ஸ்மேன். என் வீட்டுக்காரர் பொருளாதாரம் படித்தவர் மாதிரி தலையாட்டினார். அவர் படித்தது விலங்கியல்.

அதே வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் ஓரகத்தி வந்திருந்தார். வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், நெல்லும் போடுகிற குடும்பம். கையில் எப்போதும் தங்கத்தில் நாலு மொட்டை வளையல், பூவும் இல்லை, கல்லும் இல்லை. மாட்டுக்குப் போடுகிற வளையம்கூட இதைவிட அழகாக இருக்கும் என்று நான் மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நெக்லஸைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா மினுக்குது," என்று மட்டும் சொன்னார். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு கொரோனா வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் கிடைத்த விமானத்தில் ஏறிப் போனார்கள். கிரிவலத்துக்கே தடை. மாடியில் குரங்குகள் மட்டும் தங்கின, வாடகை கொடுக்காமல். வீடு கட்டிய கடனுக்கு பேங்கிலிருந்து போன் வந்தது. ஆன்லைனில் வகுப்பு நடத்திய பள்ளிக்கூடம், பீஸை மட்டும் முழுதாகக் கேட்டது.

எனக்கென்ன கவலை? என்னிடம்தான் முதலீடு இருக்கிறதே! வேலூர்க் கடைக்குப் போன் போட்டேன்.

"பணமாத் தர்றதில்லைங்க மேடம், எக்ஸ்சேஞ்ச்தான். புது டிசைன் வந்திருக்குது, வாட்ஸ்அப்ல அனுப்பட்டுமா?"

அரிசி வாங்கப் பணமில்லாதவளுக்கு அதைவிடப் பெரிய நெக்லஸ் வாங்க யோசனை சொன்ன அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கவே மாட்டேன்.

ஊரடங்கு தளர்ந்ததும் தேரடிப் பக்கம் பழைய நகை வாங்கும் கடைக்குப் போனேன். ஓரகத்தியும் வந்தார். நிலத்து மோட்டார் எரிந்துபோய், இரண்டு வளையல் விற்க வேண்டியிருந்தது.

கடைக்காரர் முதலில் என் நெக்லஸை எடுத்தார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களில் மரியாதையே இல்லை. உளி மாதிரி ஒன்றால் கற்களை ஒவ்வொன்றாக நெம்பி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடமே நீட்டினார்.

"இதை நீங்களே வெச்சிக்கோங்கம்மா."

"வைரங்க அது! சர்டிபிகேட் இருக்குது."

"இருக்கட்டும்மா. எங்களுக்குத் தங்கம்தான் கணக்கு. கல்லு எடை போக இவ்ளோதான் நிக்குது."

செய்கூலி போச்சு, சேதாரம் போச்சு, ஜி.எஸ்.டி. போச்சு. கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அடுத்து ஓரகத்தியின் வளையல்களை உரைத்தார், எடை போட்டார், பேசாமல் நோட்டை எண்ணினார். வாங்கிய விலையைவிட அதிகம். அந்த மொட்டை வளையல்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்ததும் ஓரகத்தி என் பையில் ஒரு கட்டைத் திணித்தார். வளையல் பணத்தில் முக்கால்வாசி.

"புள்ளைக்கு பீஸ் கட்டு."

"மோட்டார் என்னக்கா ஆவறது?"

"பக்கத்து நிலத்துல தண்ணி வாங்கிக்கிறோம். நீ போ."

நடுரோட்டில் அழுதேன். முகக்கவசம் இருந்ததால் மானம் தப்பியது. அவரைப் பற்றி நான் என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, அறைகள் நிறைந்ததும் பணத்தை ரூபாய் குறையாமல் எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் கிளம்பினேன். வழியில் பெருந்தன்மையாக, வளையலாகவே வாங்கிக்கொண்டு போவோம் என்று ஒரு கடையில் ஏறினேன். விலை கேட்டதும் பெருந்தன்மை இறங்கியது. அந்தப் பணத்துக்கு ஒரு வளையல்தான் வந்தது. அவர் கொடுத்தது ஒன்றரை வளையல். அவராக வாய் திறந்து கேட்டிருக்கவே மாட்டார். என் கம்மலைக் கழற்றிப் போட்டு, கையிலிருந்ததையும் சேர்த்து, இரண்டாக வாங்கினேன்.

ஓரகத்தி அவற்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். என் வெறும் காதையும் பார்த்தார்.

"கம்மல் எங்க?"

"கடையில போட்டுட்டேன்க்கா."

"பைத்தியமே," என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு போட்டார்.

வளையல் இரண்டும் அவர் கையில் ஜோராக இருந்தன. மொத்தம் எட்டு நாள். ஒன்பதாம் நாள் விதை மல்லாட்டை வாங்க அடகுக் கடைக்குப் போய்விட்டன.